ஊருக்கெல்லாம் ஞானத்தகப்பன்

சேசு மரி சூசை

ஈப்போ,
1926 ஆகஸ்டு 22, ஞாயிறு.

என் கண்ணான தங்கை அகதாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் அத்தானும் பிள்ளைகளும் சுகம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அப்பாவின் மாதப் பூசைக்கு வந்துவிட்டு ரயிலேறிய நேரத்திலிருந்து, உன்னோடு நின்று நாலு வார்த்தை பேச முடியாமல் போனதே என்ற நினைப்புத்தான். வீடு நிறைய ஆட்கள். அடுப்படியில்கூட யாரோ ஒருத்தி என்னை நகரச் சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டினாள்.

அடக்கத்தன்றும் அப்படித்தானே ஆயிற்று. பெட்டியைச் சுற்றி அப்பா ஞானஸ்நானத்தில் ஏந்தின மரியஜோசப்பும் மற்றப் பையன்களும் நின்றுகொண்டு "அப்பா, அப்பா" என்று அழுதார்கள். பெற்ற மகள் நான் வெளியாள் மாதிரி ஓரமாக நின்றேன். தெரியாத சீனர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். காய்கறி விற்கிறவராம். அவரை நான்தான் தேற்றி அனுப்பினேன். என் எல்ஸி, பத்து வயதுப் பிள்ளை, வீட்டுக்கு வந்து கேட்கிறாள், "தாத்தா நம்ம தாத்தாவா, எல்லாருக்கும் தாத்தாவா?"

அதற்காகத்தான் இந்தக் கடிதம். அப்பாவின் ஆண்டுப் பூசையை இங்கே ஈப்போவில் வைக்கலாம் என்று அத்தான் சொல்கிறார். பூசை முடிந்ததும் அவருடைய வாழ்க்கையை யாராவது எழுந்து வாசிக்க வேண்டும். நம் சபையில் பெரிய மனிதர்களுக்கு அப்படிச் செய்வது உனக்குத் தெரியும். கூடவே இருந்தவள் நீ. ஞாபகம் வருவதையெல்லாம் எழுதி அனுப்பு. பிள்ளைகளுக்கும் ஆகும்.

உன்னை இங்கேயே அழைத்துக்கொள்ளலாமா என்று அத்தான் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அங்கே இருந்து அந்தோனியார் கோவிலில் விளக்கேற்றுகிற வரைக்கும்தான் அப்பா வீடு அப்பா வீடாக இருக்கும்.

உன் அன்பு அக்கா,
கெர்ட்ரூட்


சேசு மரி சூசை

மூங்கில் தோட்டம், சுங்கை சிப்புட்.
1926 செப்டம்பர் 19.

பாசமுள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு வணக்கம், எல்ஸிக்கும் தம்பிமாருக்கும் முத்தங்கள். நீ கேட்டதை எழுத உட்கார்ந்து பல நாளாயிற்று. ஒரு வரி எழுதுவதற்குள் வாசலில் ஆள் வந்துவிடுகிறது. அப்பா போனாலும் அவரிடம் வந்தவர்கள் நிற்கவில்லை. ராக்காயியை அவள் புருஷன் அடித்தால் என்னிடம் வருகிறாள். ஊருக்குக் கடுதாசி எழுத வருகிறார்கள், பிள்ளைக்குக் காய்ச்சலென்றும் வருகிறார்கள். "உபதேசியார் இருந்தா என்னம்மா சொல்லியிருப்பாரு?" என்று கேட்டுவிட்டு என் வாயைப் பார்க்கிறார்கள். நான் என்ன சொன்னாலும் அதை அப்பா சொன்னதாக எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சரி, எழுதுகிறேன். துரையின் நாய் செத்த கதை உனக்குத் தெரியாது, நீ கல்யாணமாகிப் போனபின் நடந்தது. அப்பா வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பங்களாவுக்குத் துக்கம் விசாரிக்கப் போய்விட்டார். துரைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலி போடச் சொன்னாராம். அதற்கு முன் தோட்டத்து ஆள் எவனும் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்ததில்லை. அப்பா உட்கார்ந்து, அந்த நாயின் குணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாராம். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று சமையல்காரன் சத்தியம் பண்ணுகிறான்.

கள்ளுக்கடையிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டு வரப் போனால், அங்கேயே உட்கார்ந்து அவர்களோடு பாடிவிட்டு வருவார். சொட்டுக்கூடக் குடிக்க மாட்டார், பாட்டு மட்டும்தான். ஒருநாள் விளக்கெண்ணெய் வாங்க ஈப்போவுக்குப் போனவர் எண்ணெயை மறந்துவிட்டு, ரயிலடியில் திக்குத் தெரியாமல் நின்ற ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்குத் தோட்டத்தில் வேலை கிடைக்கும்வரை என் அறையைக் கொடுத்தார். நான் அடுப்படியில் படுத்தேன். "நம்ம அகதாவுக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும்" என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

ஞானஸ்நானத்தைப் பற்றி நான் எழுதித்தான் ஆக வேண்டுமா? பாகான் சிராய் கரும்புத் தோட்டத்தில் தொடங்கி இங்கே வரைக்கும், நம் சபையில் பிறந்த பிள்ளைகளை ஏந்தி ஞானத்தகப்பனாக நின்றவர் அப்பாதான். மற்ற நாளெல்லாம் செபம் நடத்துவது உபதேசியாரான அப்பா. சாமியார் மாதம் ஒருமுறை வருகிற அன்று, தாய்மார்கள் கேட்கக்கூட மாட்டார்கள். பிள்ளையை அப்பா கையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். யாருக்கும் அவர் மாட்டேன் என்றதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வெள்ளைச் சட்டை தைத்தது நான்.

கோவில் கூரையில் தகரம் பறந்துவிட்டது. கஸ்பார் வந்து அடித்துக் கொடுத்தார். தெரியும்தானே, ரப்பர் ஸ்டோரில் என்ஜின் பார்க்கிறவர்.

உன் தங்கை,
அகதா


சேசு மரி சூசை

ஈப்போ,
1926 நவம்பர் 14.

அருமைத் தங்கைக்கு,

நாய்க் கதையை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். ஆனால் பூசைக்கு அதை வாசிக்க முடியாது. கள்ளுக்கடையையும் விட்டுவிடலாம்.

அப்பா இங்கே வருகிறபோது நடப்பதும் உனக்குத் தெரியாதே. ரயிலடியிலிருந்து என் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அவருக்கு அரைநாள் ஆகும். ரிக்‌ஷாக்காரனிடம் நிற்பார், சலவைக்காரனிடம் நிற்பார். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சீக்கியக் காவலாளி, அவனிடம் என்ன மொழியில் பேசுவாரோ, இரண்டு பேரும் தோளைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். நான் சோற்றை மூடிவைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பேன். வந்ததும் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். எனக்கென்று அவர் ஒருநாள் முழுதாக உட்கார்ந்ததில்லை, அகதா. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

எனக்கு மறுபடியும் பிள்ளை தங்கியிருக்கிறது. சித்திரை வைகாசியில் இருக்கும். பையனென்றால் அப்பா பெயர்தான், பெரியநாயகம்.

உன் கடிதங்களில் கஸ்பார் பெயர் அடிக்கடி வருகிறது. போன மாதக் கடிதத்தில் அவர் கிணற்றுக் கப்பி போட்டதை எழுதியிருந்தாய். நல்ல பிள்ளைதான். ஆனாலும் நீ தனியாக இருக்கிற பெண். மரியஜோசப்பையும் கூப்பிட்டு வேலை சொல்லேன்.

உன் அக்கா,
கெர்ட்ரூட்


சேசு மரி சூசை

மூங்கில் தோட்டம்.
1927 ஜனவரி 16.

அக்காவுக்கு,

வெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? ரயில் பாதை சரியாகும்வரை ஒரு சேதியும் இல்லாமல் தவித்துப்போனேன். இங்கே கீழ் லயத்து வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். ஜனங்களெல்லாம் நம் வீட்டிலும் கோவிலிலும்தான் கிடந்தார்கள். அப்பா இருந்திருந்தால் திருவிழா ஆக்கியிருப்பார்.

கஸ்பாரைப் பற்றிக் கேட்டாய். எழுதிவிடுகிறேன். மனதில் வைத்து வைத்து எனக்கு மூச்சு முட்டுகிறது.

அவர் இங்கே வந்தபோது சதாசிவம். என்ஜின் வேலைக்கு வந்தவர், அப்பாவின் பேச்சில் மயங்கி நம் வீட்டுக்கு வரப்போக இருந்தார். என்னைக் கட்டிக்கொள்ள அவருக்கு ஆசை. எனக்கும்தான். எங்களுக்குள் பேசியாகிவிட்டது. வேதத்தில் சேர்ந்துவிட்டு அப்பாவிடம் பெண் கேட்பது என்று இருந்தோம். போன வருஷம் பெரிய சனிக்கிழமை அவருக்கு ஞானஸ்நானம். அதற்கு முன்னால் அவராகவே அப்பாவிடம் போய், "நீங்கதான் எனக்கு ஞானத்தகப்பனா நிக்கணும்" என்று கேட்டுவிட்டார். புதிதாக வந்தவருக்கு நம் வழக்கம் எப்படித் தெரியும்? இந்த வீட்டோடு இன்னும் நெருக்கமாகலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்த ஞாயிறே கோவிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நான் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அப்பா தகப்பனானால் நான் தங்கை. முன்னால் வந்து வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் போட்ட வெள்ளைச் சட்டையையும் நான்தான் தைத்தேன்.

அப்பாவின் கடைசி மத்தியானம் நீ வந்து சேரவில்லை. அறை நிறைய ஆள், சன்னலிலும் தலைகள். அப்பா கஸ்பாரைக் கூப்பிட்டார். என் கையை எடுத்து அவர் கையில் வைத்தார். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, கொடுத்துவிட்டார் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் அப்பா சொன்னார்: "டேய், ஒன் தங்கச்சிய பாத்துக்கடா." எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். நான் எதற்கு அழுதேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு உள்ளே தெரிந்திருக்குமோ என்று நீ கேட்பாய். அவருக்குத் தெரியாது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மனதில் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்குள் இருந்த என்னைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. எனக்கு வந்த வரன்களுக்குப் பதில் சொல்லப் புறப்படுகிற அன்றெல்லாம் வேறு எவனுக்கோ பெண் பார்க்கப் போய்விடுவார். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பார். தானே வளர்ந்து முப்பதைத் தொட்டுவிட்டேன். என் வயதுப் பையன்கள் எல்லோரும் அவர் ஏந்தின பிள்ளைகள், எனக்கு அண்ணன் தம்பிகள்.

சாமியாரிடம் கேட்டேன். ஞானத்தகப்பனின் மகளைக் கட்டத் திருச்சபையில் தடையே இல்லை, அது நம் ஜனங்களின் வழக்கம் மட்டும்தான் என்றார். ஊர் வாய்க்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றும் சொன்னார். கஸ்பாருக்குத் தைப்பிங் பக்கம் கமுந்திங்கில் ஈயம் தோண்டும் கப்பலில் என்ஜின் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறார். நீயும் அத்தானும் முன்னால் நின்றால் ஊர் அடங்கிவிடும். எனக்கு உன்னை விட்டால் யார்?

உன் தங்கை,
அகதா


சேசு மரி சூசை

ஈப்போ,
1927 பெப்ரவரி 6.

அகதா,

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நீ தனிமையில் குழம்பியிருக்கிறாய். ஆனால் கொஞ்சம் யோசி. சட்டத்தில் தடையில்லை என்று சாமியார் சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போய்விடுவார். நம் ஜனங்கள் நடுவில் வாழ்கிறவர்கள் நாம். உபதேசியார் மகள் அண்ணனையே கட்டிக்கொண்டாள் என்பார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. என் மாமியார் ஏற்கெனவே நம் வீட்டைப் பற்றிச் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று இருக்கிறாள். எல்ஸி நாளைக்கே வளர்ந்து நிற்பாள். அவளை யார் கேட்டு வருவார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே, அப்பாவின் கடைசி வார்த்தை அது. நான் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டேன். நீயாவது இருந்து கேட்டாய். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அதைக் காப்பாற்ற வேண்டிய நீயே உடைக்கலாமா?

நீ பயப்படாமல் இருக்க மரியஜோசப்புக்கு இரண்டு வரி எழுதியிருக்கிறேன், அக்காவைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி. வேறொன்றும் எழுதவில்லை.

கெர்ட்ரூட்


மூங்கில் தோட்டம்.
1927 மார்ச் 27.

அக்காவுக்கு,

நீ இரண்டு வரிதான் எழுதினாய். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

மரியஜோசப் இப்போது நம் வீட்டு வாசலிலேயே படுக்கிறான். அவனில்லாத நாள் வேறொருவன். பால்மரம் சீவிவிட்டு நேரே இங்கே வந்து, விறகு பிளந்து, தண்ணீர் எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவனும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. "என்னக்கா வேணும், சொல்லுக்கா" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். கடைக்குப் போனால் ஒருவன் பின்னால் வருகிறான். கோவில் பெருக்கப் போனால் ஒருவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். கஸ்பார் புறப்படும் முன் சொல்லிக்கொள்ள வந்தபோது, மரியஜோசப் எழுந்து நின்று கும்பிட்டான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க தங்கச்சி தனியா இருக்கு. இங்கேருந்தே சொல்லிட்டுப் போங்க." வேலிக்கு வெளியில் நின்று போய்வருகிறேன் என்றார் அவர். நான் உள்ளேயிருந்து தலையாட்டினேன்.

அடித்தால் கத்தலாம். இவர்கள் அன்பாக இருக்கிறார்கள், அக்கா. அன்பாக இருக்கிறவர்களிடமிருந்து எப்படித் தப்புவது? தபாலையும் அவர்களே கொண்டுபோகிறோம் என்கிறார்கள். இந்தக் கடிதத்தை, உன் கையைப் பிடித்து அழுதாரே, அந்தக் காய்கறிச் சீனரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு மட்டும்தான் நான் தங்கை இல்லை.

அப்பாவின் வாழ்க்கையை இனி எழுத என்னால் ஆகாது. முன்பு எழுதியதை வைத்து வாசித்துக்கொள்ளுங்கள்.

அகதா


சேசு மரி சூசை

ஈப்போ,
1927 ஜூன் 12.

என் செல்லத் தங்கைக்கு,

மூன்று மாதமாக நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இரண்டு பேரும் அப்பா பிள்ளைகளா என்று அத்தான் கேட்கிறார். போதும், விட்டுவிடு. மே மாதம் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறான். மூக்கு அப்படியே அப்பா. யார் தூக்கினாலும் சிரிக்கிறான், சொந்தம் அந்நியம் பார்ப்பதில்லை. அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் நினைப்புத்தான்.

அப்பாவின் ஆண்டுப் பூசை ஜூலை 17, ஞாயிறு. அன்றைக்கே பிள்ளைக்கு ஞானஸ்நானம். தள்ளிப்போடுகிறேன் என்று சாமியார் கோபித்துக்கொண்டார், ஆனாலும் நான் கேட்கவில்லை. நீதான் ஞானத்தாய். கஸ்பார்தான் ஞானத்தகப்பன். அவருக்கும் எழுதிவிட்டேன். அப்பா ஞானத்தகப்பனாக நின்ற கடைசி மகனும், அப்பாவின் சொந்த மகளுமாகப் பெரியநாயகத்தை ஏந்தி நின்றால், அதைவிட அப்பாவுக்கு என்ன மரியாதை? மூங்கில் தோட்டத்திலிருந்து எல்லோரும் வருகிறார்களாம்.

சேர்ந்து பிள்ளை ஏந்தின ஆணும் பெண்ணும் நம் ஜனங்களுக்கு உடன்பிறப்பு மாதிரி. நீ அதைத்தான் நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆமாம், அதற்கும்தான். உன் மனம் ஒரு நிலைக்கு வரும், ஊர் வாயும் மூடும், பையன்களும் வாசலை விட்டு எழுந்து போவார்கள். அப்புறம் நீ எப்போது வேண்டுமானாலும் இங்கே வரலாம், போகலாம். உன்னை நான் இழக்க மாட்டேன், அகதா. எனக்கு அப்பாவிடமிருந்து மிச்சம் கிடைத்தது நீ ஒருத்திதான். பிள்ளைக்குச் சட்டை நீ தைத்துக்கொண்டு வா.

உன் அக்கா,
கெர்ட்ரூட்


சேசு மரி சூசை

கமுந்திங்,
1927 ஜூலை 11, திங்கள்.

அக்காவுக்கு,

பிள்ளையை ஏந்த நான் வரவில்லை. கஸ்பாரும் வரமாட்டார். உனக்கு எப்படி இல்லையென்று எழுதுவது எனத் தெரியாமல் அவர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தாராம். அவருக்கும் சேர்த்து நான் எழுதுகிறேன். ஞானஸ்நானத்துக்கு வரச்சொல்லியும் மறுப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று தெரிந்துதான் மறுக்கிறேன். உன் பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சென்ற சனிக்கிழமை புறப்பட்டேன். ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே உனக்கு ஒத்தாசையாக ஈப்போவுக்குப் போவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, அவர்கள் கேட்டபோது மறுக்கவும் இல்லை. தோட்டமே ரயிலடிக்கு வந்துவிட்டது. பிள்ளைக்கென்று மாரியம்மா வெள்ளி அரைஞாண் கொடுத்தாள். ராக்காயி கால் கட்டின இரண்டு கோழிகளை என் மடியில் வைத்தாள். மரியஜோசப் எனக்கு மாலை போட்டான். தைப்பிங் வண்டி முதலில் வந்தது. நான் அதில் ஏறினேன். "அக்கா, அது தைப்பிங் போற ரயிலுக்கா" என்று மரியஜோசப் கத்தினான்.

"தெரியும்டா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். யாராவது கையைப் பிடித்து இறக்கினால் இறங்கியிருப்பேன், எனக்கு அவ்வளவு பயம். யாரும் இறக்கவில்லை. கோழிகளை மரியஜோசப்பிடம் சன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அரைஞாணை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சட்டையும் இருக்கிறது. ஞானத்தாயாகத் தைக்கவில்லை, சித்தியாகத் தைத்தேன்.

அப்பாமேல் எனக்குக் கோபம் இருந்தது. சாகும்போது சொன்ன வார்த்தைக்காக இல்லை. அத்தனை பேருக்கும் கொடுத்தாரே, நான் கேட்காததால் எனக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டாரே, அதற்காக. கேட்டிருந்தால் அவர் மாட்டேன் என்றிருக்க மாட்டார். இப்போது அதை நினைத்துத்தான் அழுகிறேன். பூசையில் வாசிக்கும்போது அந்த நாய்க் கதையை விட்டுவிடாதே. அதில்தான் அப்பா இருக்கிறார்.

இங்கே உபதேசியார் வீட்டில் அவர் மனைவியோடு தங்கியிருக்கிறேன். கஸ்பார் கப்பல் ஆட்களோடு இருக்கிறார். நேற்றுப் பூசையில் எங்கள் கல்யாண ஓலையை முதல்முறையாக வாசித்தார்கள். இந்த இருவரும் சேர்வதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. இங்கே எங்களை யாருக்கும் தெரியாது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள், அதில் ஒன்று உன் பிள்ளையின் ஞானஸ்நான நாள்.

தடை சொல்வதானால் இந்தக் கோவில் சாமியாருக்கு எழுது. பிள்ளையைப் பற்றி எழுதுவதானால் எனக்கு எழுது.

அகதா